காலி ஊரில் ஒத்திகை: நகரச் சண்டைக்கு ஒரு ராணுவம் எங்கே பழகுவது?

1968 பிப்ரவரி தொடக்கத்தில், வியட்நாமின் ஹூவே நகரத்துக்குள் போகச் சொல்லி உத்தரவு வந்ததும் அமெரிக்க மரீன் பட்டாலியன் ஒன்றின் தளபதி எர்னஸ்ட் சீதம் முதலில் செய்தது, ஃபூ பாய் முகாமில் கிடந்த பெட்டிகளைக் குடைந்து பழைய கையேடுகளைத் தேடியதுதான். அவருடைய ஆட்கள் வயலிலும் காட்டிலும் சண்டை போட்டுப் பழகியவர்கள். வீதிச் சண்டை அவர்களுக்குப் புதிது. கையேட்டின் சாரம் இவ்வளவுதான்: தெருவில் நடக்காதே, கண்ணீர்ப்புகை போடு, சுவரில் ஓட்டை போட்டு உள்ளே போ, பெரிய ஆயுதத்தால் முதலில் அடித்துவிட்டு அப்புறம் அறை அறையாகத் தேடு. ஒரு ராத்திரியில் படித்ததை வைத்துக்கொண்டு அவர் மறுநாள் நகரத்துக்குள் போனார். சண்டை முடிய மார்ச் ஆகிவிட்டது. ஹூவேயின் பெரும்பகுதி அதற்குள் இடிந்து போயிருந்தது.

ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கடந்தும், பல ராணுவங்கள் இன்னும் அந்த ராத்திரியில்தான் இருக்கின்றன. உலக மக்களில் பாதிக்கு மேல் இப்போது நகரத்தில் வாழ்கிறார்கள். செச்சென்யாவின் க்ரோஸ்னி, ஈராக்கின் ஃபலூஜா, மோசூல், பிலிப்பைன்ஸின் மராவி, உக்ரைனின் மரியுபோல், காஸா என்று சண்டையும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பயிற்சி மைதானங்களில் பெரும்பாலானவை இன்னும் திறந்த வெளிதான்.

ஆகவே ஒரு நடுத்தர நாட்டு ராணுவத்தை எடுத்துக்கொள்வோம். கையில் அளவான பணம், ஐந்து வருஷ அவகாசம். எதில் இறங்குவது? மாதிரி நகரம் ஒன்றைக் கட்டலாம். ஆள் காலி செய்த பழைய கட்டடங்களில் பழகலாம். வீரர்களுக்கு முன்னால் அதிகாரிகளைப் படிக்க வைக்கலாம். நகரத்துக்கென்றே தனிப்படை ஒன்றை வளர்க்கலாம். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, போர் வரலாறு படிக்கிறவன். தயாராகாத படை ஒன்று ஊருக்குள் நுழையும்போது அதற்கான விலையை அந்த ஊர்க்காரர்கள்தான் அதிகமாகக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் இருக்கிற அக்கறை அதுதான்.

மாதிரி நகரத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் பிடிப்பது அதுதான். ஜெர்மனியில் சாக்சனி அன்ஹால்ட் மாநிலத்தில் ஷ்னோகர்ஸ்பர்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஏறக்குறைய 6 சதுர கிலோமீட்டர், சுமார் 500 கட்டடங்கள். மெட்ரோ ரயில் சுரங்கம், மனிதர் போகக்கூடிய சாக்கடைக் குழாய், பழைய நகரப் பகுதி, குடிசைப் பகுதி, வழிபாட்டுக் கட்டடம் எல்லாம் உண்டு. குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. செலவு சுமார் 14 கோடி யூரோ. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், ட்செயெலிம் தளத்தில் கட்டப்பட்ட மாதிரி அரபு நகரம் இதற்கும் முந்தியது. பிரான்ஸில் சிஸோன், இங்கிலாந்தில் சால்ஸ்பரி சமவெளியில் காப்ஹில் டவுன். சீனா உள் மங்கோலியாவிலிருக்கும் தன் பயிற்சித் தளத்தில் தைவான் அதிபர் மாளிகையைப் போலவே ஒரு கட்டடம் எழுப்பி வைத்திருப்பது 2015இல் அரசு டிவியிலேயே தெரிந்தது. அது பயிற்சிக்கா, பயமுறுத்தவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் நிஜமாகவே கற்றுக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன. மாடிப்படியில் ஏறும்போது யார் மேலே பார்ப்பது, யார் பின்னால் பார்ப்பது என்பது உடம்புக்குப் பழக வேண்டிய விஷயம். கான்கிரீட்டுக்குள் போனதும் ரேடியோ சிக்னல் அறுந்துபோகும் என்பதை எத்தனை தடவை வகுப்பில் சொன்னாலும், ஒரு தடவை நிலவறையில் நின்று கத்திப் பார்த்தால்தான் புரியும். டாங்கிக்குள் இருப்பவனுக்குப் பக்கத்துச் சுவர்கூடச் சரியாகத் தெரியாது, வெளியே நிற்கும் காலாட்படை வீரன்தான் அவனுக்குக் கண் என்பதையும் அங்கேதான் பழக முடியும். ட்ரோன் இப்போது ஜன்னல் வழியாகவே உள்ளே வருகிறது. அதையும் அங்கே கொண்டுவந்து காட்டலாம்.

ஆனால் அது கற்றுத்தரும் தப்புப் பாடங்களும் உண்டு, அவற்றைப் பற்றிப் பேச்சு குறைவு. பயிற்சியில் நிஜத் தோட்டாவுக்குப் பதிலாக லேசர் கதிர்தான் சுடும். லேசரை ஒரு திரைச்சீலையே தடுத்துவிடும், மெல்லிய பலகைத் தடுப்பும் தடுத்துவிடும். நிஜத் தோட்டா இரண்டையும் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்கே போகும். ஆக, பலகைக்குப் பின்னால் ஒளிந்து உயிர் பிழைத்ததாக ஒரு வீரன் பத்துத் தடவை பழகுகிறான். இன்னொன்று அளவு. 500 கட்டடம் கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். மோசூலில் பத்து லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அங்கே ஒரு பேட்டைக்குள்ளேயே 500 கட்டடம் தாண்டிவிடும்.

இதைவிடப் பெரிய குறை, மாதிரி நகரம் காலியாக இருப்பது. காலி ஊரில் பழகிய படைக்குப் போகிற ஊரும் காலியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. 1999 டிசம்பரில் ரஷ்யப் படை க்ரோஸ்னி மக்களுக்குத் துண்டுப்பிரசுரம் போட்டு, குறிப்பிட்ட தேதிக்குள் வெளியேறச் சொன்னது. வெளியேறாதவர்கள் பயங்கரவாதிகளாகக் கருதப்படுவார்கள் என்பதும் அதில் இருந்தது. வயதானவர்கள், போக வழியில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் நிலவறைகளில் தங்கிவிட்டார்கள். 2004 நவம்பரில் ஃபலூஜாவிலும் பெரும்பாலான மக்கள் முன்கூட்டியே கிளம்பிப் போனார்கள், ஆனாலும் எல்லோரும் போகவில்லை. ஐ.எஸ். அமைப்பு பிடித்திருந்த மோசூலில் ஈராக் அரசு இதற்கு நேர்மாறாக, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று மக்களிடம் சொன்னது. அகதிகள் வெள்ளம் வராமல் இருக்கும் என்று கணக்கு. ஒன்பது மாதச் சண்டையில் அந்த வீடுகளே பலருக்குச் சமாதியாகின. போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா என்பது எந்த மாதிரி நகரத்திலும் ஒத்திகை பார்க்க முடியாத முடிவு, ஏனென்றால் அங்கே சொல்வதற்கு ஆளே இல்லை.

நெகேவிலிருக்கும் அந்த நகரம்தான் இதற்குக் கடினமான சாட்சி. இஸ்ரேலியப் படை அங்கே பதினைந்து வருஷத்துக்கும் மேலாகப் பழகியது. 2023க்குப் பிறகு காஸாவில் நடந்ததைப் பார்த்தால், வாசலில் நிற்கும் வீரனின் திறமைக்கும் அந்த நகரத்துக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எந்தக் குண்டை எந்தப் பேட்டையில் போடலாம் என்று முடிவு செய்கிறவர்கள் வாசலில் நிற்பதில்லை.

அடுத்தது பழைய கட்டடங்கள். அழகு இல்லை, ஆனால் எனக்குப் பிடித்த வழி. கலிபோர்னியாவின் விக்டர்வில்லில் மூடப்பட்ட ஜார்ஜ் விமானத் தளத்தின் குடியிருப்பு வீடுகளை மரீன்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்தியானாவில் மஸ்கட்டாடக் என்ற இடத்தில் மனவளர்ச்சி குன்றியோருக்கான அரசு இல்லம் ஒன்று 2005இல் மூடப்பட்டது. அந்த வளாகம் அப்படியே அமெரிக்காவின் பகுதிநேர ராணுவமான நேஷனல் கார்டு கைக்குப் போனது. மனிதர்கள் நிஜமாக வாழ்ந்த கட்டடத்துக்கு ஒரு கோணல் உண்டு. நடுவில் யாரோ எழுப்பிய தடுப்புச் சுவர், பூட்டி மறந்துபோன கதவு, எங்கே போகிறது என்று தெரியாத குழாய். கட்டிக்கொடுத்த மாதிரி வீட்டில் இந்தக் கோணல் வராது. செலவும் குறைவு.

1999 மார்ச்சில் மரீன்கள் இன்னும் ஒரு படி போய், ஆள் வாழும் நகரங்களிலேயே சோதனை நடத்தினார்கள். கலிபோர்னியாவின் மான்டெரியிலும், ஓக்லண்டில் மூடிக்கிடந்த கடற்படை மருத்துவமனை ஒன்றிலும் நடந்தது. ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்துப் போராடினார்கள். எதிர்ப்பு வரத்தான் செய்யும். என் தெருவில் யூனிஃபார்ம் போட்டவன் துப்பாக்கியோடு பழகினால் எனக்கும் பிடிக்காது.

ஆள் காலி செய்த ஊர் என்று சொல்லும்போது, யார் காலி செய்ய வைத்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சால்ஸ்பரி சமவெளியில் இம்பர் என்று ஒரு கிராமம். 1943 நவம்பர் 1ஆம் தேதி ஊரைக் கூட்டி, 47 நாளில் வெளியேறச் சொன்னார்கள். ஐரோப்பாவில் இறங்கப்போகும் அமெரிக்க வீரர்கள் தெருச் சண்டை பழக இடம் வேண்டுமாம். போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் கிளம்பினார்கள். திரும்ப விடவே இல்லை. இன்றைக்கும் அது ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. வருஷத்தில் சில நாள் மட்டும் மாதா கோயிலைப் பார்க்க உள்ளே விடுகிறார்கள். ஆக, இந்த இரண்டாவது வழி மலிவு என்று நான் சொல்வது, ஏற்கெனவே மூடிக்கிடக்கும் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் மட்டும்தான்.

மூன்றாவது வழி, அதிகாரிகளைப் படிக்க வைப்பது. பார்க்கச் சுவாரஸ்யமே இல்லாத வழி. வரைபடம், மேஜை, சிமுலேஷன், பழைய சண்டைகளின் வரலாறு, நகராட்சி இன்ஜினீயரோடு உட்கார்ந்து தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று கேட்பது. போட்டோ எடுத்து ராணுவ தினத்தில் காட்ட முடியாது. ஆனால் தோற்ற சண்டைகளைப் பிரித்துப் பார்த்தால், ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

க்ரோஸ்னியில் நடந்த முதல் சண்டையைப் பாருங்கள். ஒரு பாராசூட் ரெஜிமென்ட் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் நகரத்தைப் பிடித்துவிடலாம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் பாவெல் க்ராச்செவ் பேசியிருந்தார். 1994 டிசம்பர் 31 அன்று கவச வண்டிகள் வரிசையாக நகரத்துக்குள் போயின. மைகோப் பிரிகேட் என்ற ரஷ்யப் படைப்பிரிவு ரயில் நிலையம் வரை போய்ச் சேர்ந்தது, அதற்குப் பிறகுதான் சுற்றி வளைக்கப்பட்டது. செச்சென் போராளிகள் நிலவறையிலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் தோளில் வைத்துச் சுடும் ஆர்.பி.ஜி. ராக்கெட்டால் அடித்தார்கள். டாங்கிக் குழாயை அவ்வளவு கீழே இறக்கவும் முடியாது, அவ்வளவு மேலே தூக்கவும் முடியாது. முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் எரித்துவிட்டால் நடுவில் இருப்பவை தெருவில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பிரிகேட் 26 டாங்கிகளில் 20ஐ இழந்தது. பிரிகேட் தளபதி கர்னல் இவான் சாவினும் செத்தார். கதவு திறக்கத் தெரியாததால் நடந்த அழிவா இது? வண்டியை விட்டு இறங்கவே நேரம் இல்லாத ஒரு திட்டத்தை மேலே இருந்தவர்கள் போட்டார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிடப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் வந்தது. அக்டோபரில் சண்டை தொடங்கியபோது அந்தப் படை அதே ஊரில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்திருந்தது. ஊரில் இருப்பதும் ஊரைத் தெரிந்துவைத்திருப்பதும் வேறு வேறு. அக்டோபர் 11ஆம் தேதி ராத்திரி, புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்களையும் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்களையும் இறக்கினார்கள். ரேடியோவை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் முன்கூட்டியே காத்திருந்தார்கள். மேற்கொண்டு ஹெலிகாப்டர் இறங்க முடியாமல் போக, தனியாக மாட்டிக்கொண்ட 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் இறந்தார்கள். தைரியத்தில் அவர்களுக்குக் குறை சொல்ல முடியாது. சந்தும் வேலியும் மதிலுமாக இருக்கிற ஒரு ஊருக்கு, பாஷை தெரியாத படையை, அவசரமாகப் போட்ட திட்டத்தோடு அனுப்பியது மேலே நடந்த பிழை. அதன் விலையை அடுத்து ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளி அன்று, படையினர் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நோயாளிகள் நிரம்பிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்து சுடுகிறார்கள் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை முதல் தடவையாகச் சண்டை நடக்கும்போது கேட்கக் கூடாது. மேஜையில் உட்கார்ந்து, கோபம் இல்லாத நேரத்தில், நூறு தடவை கேட்டிருக்க வேண்டும். மக்கள் வாழும் இடங்களில் வெடிகுண்டுகளைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 2022 நவம்பரில் டப்ளினில் 80க்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு அரசியல் பிரகடனத்தை ஏற்றன. அதற்குச் சட்ட பலம் கிடையாது. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பயிற்சி அறைக்குள் கொண்டுவந்து, நம்மிடம் இருக்கிற பீரங்கியில் எது இந்தத் தெருவுக்கு ஒத்துவராது என்று கேட்க ஒரு வகுப்பறை போதும்.

இந்த வழியிலும் ஏட்டுச் சுரைக்காய் ஆபத்து உண்டு. திரையில் நகரம் சுத்தமாக இருக்கும், தூசியும் அழுகுரலும் வராது. அதிகாரி நன்றாகப் படித்திருந்தாலும், கீழே இருக்கும் வீரன் சுவரில் ஓட்டை போட ஒரு தடவைகூடப் பழகவில்லை என்றால் திட்டம் தெருமுனையில் நின்றுவிடும். 1943 டிசம்பரில் இத்தாலியின் ஓர்டோனாவில் கனடா வீரர்கள் தெருவில் கால் வைக்காமல், வீட்டுக்கு வீடு நடுச்சுவரை வெடிவைத்துத் துளைத்துக்கொண்டே முன்னேறினார்கள். அது கைவேலை, படித்து வராது.

கடைசியாகத் தனிப்படை. அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு சின்ன, கெட்டிக்காரப் படையை நகரத்துக்கென்றே வளர்த்துவிட்டால் மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் அல்லவா? ஈராக்கின் பயங்கரவாத எதிர்ப்புப் படையை அமெரிக்கர்கள் ராத்திரியில் போய் ஆளைப் பிடித்து வரத் தயார் செய்தார்கள். ஆனால் மோசூலில் மற்ற பிரிவுகள் திணறியதால், அதே படையைத் தெருத் தெருவாகப் பேட்டை பிடிக்க அனுப்பினார்கள். அதன் இழப்பு 40 சதவீதம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பட்ஜெட் ஆவணமே சொன்னது. வருஷக்கணக்கில் வளர்த்த படை ஒன்பது மாதத்தில் கரைந்தது. கெட்டிக்காரன் ஒருவன் இருந்தால் எல்லா வேலையும் அவன் தலையில்தான் விழும் என்பது ஆபீசில் மட்டும் நடப்பதில்லை.

தனிப்படை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது மராவி. பிலிப்பைன்ஸ் ராணுவம் பல பத்தாண்டுகளாகக் காட்டில் கிளர்ச்சியாளர்களோடு சண்டை போட்டது. 2017 மே 23 அன்று மராவி நகரத்துக்குள் சண்டை தொடங்கியபோது எல்லாவற்றையும் அங்கேயே கற்க வேண்டியிருந்தது. ஆர்.பி.ஜி.யிலிருந்து தப்பிக்கக் கவச வண்டிகளைச் சுற்றி மரப்பலகை கட்டினார்கள். கேலியாகத் தெரியலாம், ஆனால் கையில் கிடைத்ததை வைத்து யோசித்தவர்களின் வேலை அது. ஐந்து மாதம் ஆனது, 160க்கும் மேற்பட்ட அரசுப் படையினர் இறந்தார்கள், நகரத்தின் மையம் தரைமட்டமானது.

எனக்குத் தோன்றுவது இது: காலாட்படைக்குத் தனிப்படை வேண்டாம், இன்ஜினீயர்களுக்கு வேண்டும். மோசூலில் கார் குண்டுகளைத் தடுத்தது, ஒவ்வொரு தெருவையும் பிடித்த உடனே குறுக்கே மண்மேடு தள்ளிய கவச புல்டோசர் டிரைவர்கள். சுரங்கம், கண்ணிவெடி, இடிந்த கட்டடம், அறுந்த தண்ணீர்க் குழாய் எல்லாமே அவர்கள் வேலை. இவர்களை இரண்டு வாரத்தில் உருவாக்க முடியாது. கதவு, மாடிப்படி, ஓட்டை போடுவது போன்ற அடிப்படையை எல்லா பட்டாலியனுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சரி, முடிவுக்கு வருவோம். அந்த நடுத்தர நாட்டு ராணுவத்துக்கு நான் சொல்லும் வரிசை, செலவு குறைந்ததிலிருந்து தொடங்குகிறது. முதல் வருஷம் அதிகாரிகளுக்கு. ஒவ்வொரு டிவிஷன் தலைமையகமும் தான் போகக்கூடிய ஒரு நிஜ நகரத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஆஸ்பத்திரி, பாலம், நீரேற்று நிலையம், பேசும் பாஷை எல்லாவற்றையும் படிக்கட்டும். இரண்டாம், மூன்றாம் வருஷம் மூடிக்கிடக்கும் ஆலைகளிலும் குடியிருப்புகளிலும் பட்டாலியன்கள் பழகட்டும். கூடவே ஊர்க்காரர்களாக நடிக்கக் கூலிக்கு ஆள் பிடியுங்கள். அமெரிக்கர்கள் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்தில் மாதிரி கிராமம் போட்டபோது, அங்கே உட்காரவைக்க அரபு பேசும் ஈராக்கியக் குடியேறிகளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். என் கணக்கில் அந்தச் சம்பளம்தான் கட்டடச் செலவைவிட நன்றாகச் செலவழிந்த பணம். நான்காம் வருஷம் புல்டோசரும் இன்ஜினீயர்களும்.

சிங்கப்பூருக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. நாடே ஒரு நகரம். தமிழ்ப் பையன்கள் உட்பட எல்லா ஆண்களும் இரண்டு வருஷம் தேசிய சேவைக்கு வருகிறார்கள், ஒவ்வொரு புதுக் குழுவையும் அதே அடிப்படையிலிருந்து மறுபடி பழக்க வேண்டும். காலி மைதானமும் இல்லை. அவர்கள் சாஃப்டி சிட்டி என்று 12 மாடிக் கட்டடங்களோடு பயிற்சி நகரம் கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

மற்றவர்கள் மாதிரி நகரத்தைப் பற்றி ஐந்தாம் வருஷத்தில் பேசலாம். அதற்குள் எப்படிப்பட்ட நகரம் தேவை என்று சொல்ல, நாலு வருஷம் படித்த அதிகாரிகள் இருப்பார்கள். 500 கட்டடம் எதற்கு, இரண்டு தெருவும் ஒரு ஆஸ்பத்திரியும் போதும், மிச்சப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆள் பிடியுங்கள் என்றுகூட அவர்கள் சொல்லலாம்.